கிழக்குச் சுவரில் ஒரு கதவு

அலுவலகத்தில் அவளுக்கு ‘அரைமில்லி’ என்று பேர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து வரைவாள் என்பதால் வந்த பேர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அரசுக் கட்டடங்களுக்கு வரைபடம் தயாரிக்கிற இடம் அது. அவளுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். அந்த நகரத்தில் ஜனங்கள் கால்கடுக்க நிற்கிற இடங்களில் பாதிக்கு மேல் அவள் கோடு போட்டவை. ஒரு கட்டடம் யாரை எப்படி நடத்தப்போகிறது என்பது அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அவள் மேஜைக்கு வந்துவிடும். அதிகாரியின் அறை இத்தனை சதுர மீட்டர், ஒட்டினாற்போல் கழிப்பறை, அவர் கார் வந்து நிற்க நிழல். கொடிமரத்துக்கு இடம், பூச்செடிக்கு இடம். எல்லாம் போக மிச்சத்தில் ஒரு பெரிய கட்டம் போட்டு, நடுவில் ‘பொதுமக்கள்’ என்று எழுதுவாள். அந்தக் கட்டத்துக்குள் ஒரு நாற்காலிகூட வரையச் சொல்லி யாரும் அவளிடம் கேட்டதில்லை.

உதவித்தொகை அலுவலகத்தை அவள் வரைந்தது பதினேழு வருஷத்துக்கு முன்னால். முதியவர்களும், கணவனை இழந்தவர்களும், கை கால் விளங்காதவர்களும் மாதாமாதம் வந்து வரிசையில் நிற்கிற இடம். பொதுமக்கள் கூடத்துக்கு அவள் இரண்டு கதவு வைத்திருந்தாள். தெற்கே ஒன்று, உள்ளே வர. கிழக்கே ஒன்று, வெளியே போக. மசிப் பேனாவில், டிரேசிங் தாளில், சுத்தமாக முடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அப்போது செயற்பொறியாளராக இருந்தவர் படத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. சிவப்புப் பென்சிலால் கிழக்குக் கதவின் மேல் தட்டினார்.

“இந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?”

“அதிகாரிங்க கார் நிக்கற போர்டிகோ சார்.”

“அப்ப கூட்டம் எல்லாம் நம்ம கார் மேல வந்து விழணுமா? வந்த வழியாவே போகட்டும். அடைச்சுடு.”

“உள்ள எரநூறு பேர் நிப்பாங்க சார். ஒரே வாசல்னா…”

“சினிமா பார்க்கவா வராங்க? காசு வாங்க வராங்க. நிப்பாங்க. அடைச்சுடு.”

அவ்வளவுதான் பேச்சு. எழுத்தில் ஒன்றும் இல்லை. அவள் தன் மேஜைக்கு வந்து, சவரப் பிளேடால் கதவைச் சுரண்டி எடுத்தாள். டிரேசிங் தாளில் மசியை அழிக்க அதுதான் வழி. கதவு போன இடத்தில் இரண்டு கோடு இழுத்துச் சுவராக்கினாள். மனசு கொஞ்சம் உறுத்தியது. அன்று சாயங்காலமே அது போய்விட்டது. அவளுக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம், நினைக்க வேறு விஷயங்கள் இருந்தன.

அந்தக் கட்டடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு எரிந்தது. மின்சார மீட்டர் பெட்டி தெற்கு வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தீ அங்கே பிடித்ததால், வாசலருகே நின்றவர்கள் தப்பி ஓடிய கொஞ்ச நேரத்தில் இருந்த ஒரே வழியும் அடைபட்டது. வரிசைக்காகப் போட்டிருந்த இரும்புக் கம்பிகளுக்கு இடையில் கிழவர்களும் கிழவிகளும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். இருபத்து மூன்று பேர் செத்துப்போனார்கள். பதினாறு பேரைக் கிழக்குச் சுவரை ஒட்டித்தான் கண்டெடுத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கார் ஓடுகிற சத்தம் கேட்டதாகவும், அதனால் அங்கே போய்ச் சுவரைத் தட்டியதாகவும் பிழைத்த ஒருத்தி சொன்னாள்.

அரைமில்லி செய்தித்தாளில் அந்த வரியைப் படித்தாள்.

ஆறாம் நாள் கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். எந்த நேரமும் விழும், அக்கம்பக்கத்துக்கு ஆபத்து என்று காரணம் சொல்லப்பட்டது. அவ்வளவு வேகமாக அந்தத் துறை எந்த வேலையையும் செய்து அவள் பார்த்ததில்லை. ஒன்பதாம் நாள் பிரிவுத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

அவருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு, ‘பூச்சு’. எந்த விரிசலையும் பேச்சால் பூசி மெழுகிவிடுவார். அன்று கதவைச் சாத்திவிட்டு, அவளை உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்தார். மேஜையில் பழைய சுருள் ஒன்று இருந்தது. பார்த்ததுமே அது எந்தப் படம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“விசாரணைக்கு இதைக் கேக்கறாங்கம்மா. ஒரிஜினல். இதுலேருந்து அடிச்ச பிரதி எல்லாத்தையும் நாங்க திரும்ப வாங்கிட்டோம்.”

“குடுத்துட வேண்டியதுதானே சார்.”

“குடுக்கலாம். ஆனா பாரு, இதுல கிழக்கால கதவு இல்ல. கதவு இல்லன்னா, ஏன் இல்லன்னு கேப்பாங்க. யாரு வரைஞ்சதுன்னு கேப்பாங்க.” அவர் தாளை விரித்து, வலது மூலையில் இருந்த கட்டத்தில் விரலை வைத்தார். ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் அவளுடைய சுருக்கொப்பம் இருந்தது. “இது உன் கையெழுத்துதானே?”

“அவர் அடைக்கச் சொன்னாரு சார். உங்களுக்கே தெரியும். நீங்க அப்ப அவர் பக்கத்துலதான் நின்னீங்க.”

“நான் என்ன கேட்டேன், என்ன கேக்கல, எனக்கு ஞாபகம் இல்லம்மா. அவர் இப்ப தலைமைப் பொறியாளர். வாயால சொன்னதுக்கு எந்தக் கோப்புல நம்பர் இருக்கு?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கட்டடமே போச்சு. செத்தவங்களும் போயிட்டாங்க. நீ ஒரு கதவு வரைஞ்சா யாருக்கு என்ன நஷ்டம்? முதல்ல நீயே வச்ச கதவுதானே? அதைத்தான் மறுபடி வைக்கச் சொல்றேன். கம்ப்யூட்டர்ல போட்டா கண்டுபிடிச்சுடுவாங்க. உன் கை வேணும்.”

அவள் தேநீரைத் தொடவில்லை. “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்றாள்.

“யோசி. உன் வீட்டுக்காரரும் கீழ டைப் பிரிவுலதானே இருக்காரு? அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ.”

பூச்சு சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்கு விளங்கிவிட்டது.

கணவனிடம் அவள் சொன்னபோது அவர் சட்டைப் பொத்தானை மாட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். “நம்ம ரெண்டு பேர் சோறும் ஒரே இடத்துல வேகுது. அதை மறந்துடாத” என்றார். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். அவளும் ஒன்றும் வீராங்கனை இல்லை. மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு, கூடத்தின் மூலையில் இருந்த பழைய சாய்வு மேஜையில் தாளைப் பரப்பி நான்கு பக்கமும் ஒட்டினாள்.

கிழக்குச் சுவரைச் சுரண்டத் தொடங்கியபோதுதான் தாள் அந்த இடத்தில் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரிந்தது. ஏற்கெனவே ஒருமுறை அவளே சுரண்டிய இடம். வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிளேடைப் படுக்க வைத்து, மசியைத் துகள் துகளாக எடுத்தாள். நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினாள். பிறகு கதவை வரைந்தாள். கதவு திறக்கிற பக்கத்துக்குக் கால்வட்டம் போட வேண்டும். வெளிப்பக்கமாகவே போட்டாள், கூட்டம் தள்ளினால் தானே திறந்துகொள்ளும் என்று. போட்டு முடித்தபிறகுதான் எந்தக் கூட்டம் என்று உறைத்தது. கழிப்பறைக்கு ஓடிப்போய்க் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

படம் விசாரணைக்குப் போயிற்று. பத்து நாள் கழித்து அந்த அலுவலகத்தின் காவலாளியைக் கைது செய்தார்கள்.

கிழக்கே கதவு இருந்திருக்கிறது, வரைபடமே சாட்சி, காவலாளி அதைப் பூட்டி வைத்துவிட்டு அசட்டையாக இருந்துவிட்டார், அதனால்தான் இத்தனை உயிர் போயிற்று. இதுதான் வழக்கு. கதவே இல்லை என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். புகையில் உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று அவர்களை அடக்கினார்கள். அங்கே வேலை பார்த்த அதிகாரிகளைக் கேட்டபோது, காரிலிருந்து இறங்கி நேராக அறைக்குப் போவோம், சுவரையெல்லாம் கவனித்ததில்லை என்றார்கள். திறப்பு விழாவில் போர்டிகோவில் எடுத்த புகைப்படங்கள் இருந்தன. அவற்றில் சுவரை மறைத்துக்கொண்டு பெரிய மனிதர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

அரைமில்லி பூச்சுவின் அறைக்குள் கேட்காமலே நுழைந்தாள்.

“யாருக்கும் நஷ்டமில்லன்னு சொன்னீங்களே சார்.”

“யாராவது ஒருத்தர் போகணும்மா. அந்த வாட்ச்மேன் போகலன்னா நீ போகணும்.” பூச்சு கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

காவலாளியின் மனைவி ஒரு திங்கட்கிழமை வந்தாள். நகலெடுத்த வரைபடம் ஒன்றை நாலாக மடித்துப் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தாள். கீழே விசாரித்திருக்கிறாள். ஒவ்வொருவரும் அடுத்த மேஜையைக் காட்டிக் கைகழுவி, கடைசியில் யாரோ, “மேல அரைமில்லின்னு ஒருத்தங்க, படம் படிக்கறதுல கெட்டிக்காரங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அவள்தான் வரைந்தவள் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

“எனக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாதும்மா,” என்றபடி மேஜையில் தாளைப் பிரித்தாள். “எங்க வீட்டுக்காரர் பதினேழு வருஷம் அங்க இருந்தாரு. அப்படி ஒரு கதவே இல்லங்கறாரு. வக்கீலு இதுல இருக்குங்கறாரு. எங்க இருக்கும்மா?”

அரைமில்லி விரலை வைத்துக் காட்டினாள்.

“இந்த வளைஞ்ச கோடா? இதுவா கதவு?” அந்தப் பெண் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “இவ்வளவூண்டு கோடு.”

பிறகு படம் முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். “அவரு எங்க உட்காருவாரும்மா இதுல?”

“யாரு?”

“எங்க வீட்டுக்காரரு. ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாரே. அது எந்த இடம்?”

அரைமில்லி தெற்கு வாசலுக்குப் பக்கத்தில், கோடே இல்லாத ஒரு வெற்று இடத்தைக் காட்டினாள். காவலாளிக்கென்று அந்தப் படத்தில் எதுவும் வரையப்படவில்லை.

“இங்கேருந்துதான் உள்ள ஓடியிருக்காரு” என்றாள் அந்தப் பெண். “வாசல் அடைபடறதுக்குள்ள ரெண்டு தடவை உள்ள போய் அஞ்சு பேரை இழுத்துப் போட்டாரு. சூடான கம்பியைப் பிடிச்சுத் தள்ளினதுல ரெண்டு கையும் வெந்துபோச்சு. ஜெயில்ல சரியா கட்டுப் போடறதில்ல. சீழ் வச்சு நாறுது. போன வாரம் பார்க்கப் போனப்ப, ‘நான் நிஜமாவே அந்தக் கதவைப் பார்க்காம இருந்துட்டேனா?’ன்னு என்னையே கேக்கறாரு. அவருக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. அச்சடிச்ச காகிதத்துல இருக்கறப்ப மனுசன் என்ன செய்வாரு?”

அரைமில்லியால் அதற்குமேல் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. “வழக்கு என்னைக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அரசுத் தரப்பே அவளைச் சாட்சிக்கு அழைத்திருந்தது. படம் தான் வரைந்ததுதான் என்று உறுதி சொல்ல வேண்டும், இரண்டு நிமிஷ வேலை. போகிற அன்று காலை கணவனிடம் சொன்னாள். “என்னங்க, நான் உண்மையைச் சொல்லப்போறேன்.”

அவர் கையிலிருந்த தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “முதல் நாளே சொல்லியிருந்தா உனக்குப் பேரு கிடைச்சிருக்கும். இப்ப சொன்னா ஜெயில்தான் கிடைக்கும்” என்றார்.

“தெரியும்.”

“என்னை நினைச்சுப் பார்த்தியா?”

“உங்களை நினைச்சுத்தான் இத்தனை நாள் இருந்தேன்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் போனாள்.

அந்த நீதிமன்றமும் அவள் வரைந்ததுதான். சாட்சிக் கூண்டைவிட நீதிபதியின் மேடை இத்தனை உயரம் இருக்க வேண்டும் என்று எழுதி வந்ததை அப்படியே போட்டிருந்தாள். கூண்டுக்குள் நின்று அண்ணாந்தபோது கழுத்து வலித்தது.

அரசு வக்கீல் படத்தை நீட்டினார். “இது நீங்க வரைஞ்சதுதானே?”

“ஆமாங்க.”

“இந்தக் கிழக்குக் கதவையும் நீங்கதான் வரைஞ்சீங்க?”

“ஆமாங்க. ரெண்டு தடவை வரைஞ்சேன்.”

வக்கீலுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள். “ஐயா, அந்தத் தாளை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கதவு இருக்கற இடம் மட்டும் மெலிஞ்சிருக்கும். பதினேழு வருஷம் முன்னாடி கதவைச் சுரண்டிட்டுச் சுவர் போட்டேன், செயற்பொறியாளர் சொன்னாரு. தீப்பிடிச்சதுக்கு அப்புறம் சுவரைச் சுரண்டிட்டுக் கதவு போட்டேன், பிரிவுத் தலைவர் சொன்னாரு. கட்டினது சுவர். கதவு அங்க இருந்ததே இல்ல. அந்த மனுசன் எதையும் பூட்டல.”

நீதிபதி எழுந்து ஜன்னலருகே போய்த் தாளைத் தூக்கிப் பிடித்தார். கூடமே அவர் கையைப் பார்த்தது. காவலாளி மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மடியில் அடுக்கி வைத்திருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை.

தாளை ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதற்கு நாலு மாதம் ஆயிற்று. அதுவரை காவலாளி உள்ளேதான் இருந்தார். தாள் இருமுறை சுரண்டப்பட்டது என்றும் மேலே இருக்கிற மசி புதியது என்றும் அறிக்கை வந்தபிறகு அவரை விட்டார்கள். அரைமில்லியை வேலைநீக்கம் செய்து, அரசு ஆவணத்தைத் திருத்தியதாக வழக்குப் போட்டார்கள். தலைமைப் பொறியாளர் தான் அப்படி எந்த உத்தரவும் தரவில்லை என்று எழுதிக் கொடுத்தார். பூச்சுவும் அதையே எழுதிக் கொடுத்தார். இருவர் சொல்லுக்கும் எதிராகக் கோப்பில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இருபத்து மூன்று சாவுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நின்றுபோனது. அவளுடைய கணவரைத் தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். அவர் ஒரு பெட்டியோடு போனார். வாரம் ஒருமுறை போன் செய்து, “சாப்பிட்டியா?” என்று கேட்பார். அவள் “ம்” என்பாள். அதோடு முடிந்துவிடும்.

காவலாளியைப் பார்க்க அவள் ஒருநாள் போனாள். மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்த அவர் மனைவி அவளை அடையாளம் கண்டுகொண்டு வழி விடாமலே நின்றாள்.

“அன்னைக்கு விரலை வச்சுக் காட்டினீங்களே. அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“பயமா இருந்துச்சு.”

“எங்களுக்கும்தான் பயமா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு விலகி நின்றாள்.

காவலாளி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்த்தாயிற்று. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இளஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தன. அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

“உள்ள இருந்தப்ப ஒண்ணு யோசிச்சேன்மா,” என்றார். “கதவு நிஜமாவே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஜனங்க கார் பக்கம் வரக்கூடாது, பூட்டி வையின்னு சொல்லியிருப்பாங்க. நானும் பூட்டித்தான் வச்சிருப்பேன். சாவி என் இடுப்புலதான் இருந்திருக்கும்.”

அவர் மனைவி தண்ணீர்ச் செம்பை அவர் வாயருகே பிடித்தாள். குடித்துவிட்டு, “நீங்க எழுதுவீங்கல்ல?” என்று கேட்டார். “எனக்கு உதவித்தொகைக்கு ஒரு மனு எழுதணும். இந்தக் கையை வச்சுக்கிட்டு இனி யாரும் வேலை தர மாட்டாங்க.”

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினாள்.

உதவித்தொகை அலுவலகம் இப்போது ஒரு பழைய கிடங்கில் இயங்கியது. மறுநாள் மூவருமாகப் போய் வரிசையில் நின்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்து முறை வந்தது. குமாஸ்தா மனுவைப் படித்துவிட்டு, மைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“கட்டைவிரல் வைங்க.”

காவலாளி கையை நீட்டினார். குமாஸ்தா அந்த விரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார். ரேகை எதுவும் விழவில்லை, கறுப்பாக ஒரு தீற்றல் மட்டும். இன்னொரு விரலை வைத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே.

“ரேகை இல்லாம எடுத்துக்க முடியாதுங்க. ரேகை இல்லன்னு டாக்டர்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. சட்டுனு நகருங்க, பின்னால கூட்டம் நிக்குது.”

“டாக்டரை எங்க சார் பார்க்கணும்?” என்று மனைவி கேட்டாள்.

“பெரியாஸ்பத்திரி. புதன்கிழமை மட்டும். காலையிலயே போயிடுங்க, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்.”

அன்று வெள்ளிக்கிழமை. அரைமில்லி தன் கைக்குட்டையை எடுத்து, அவர் விரலில் இருந்த மையை வலிக்காமல் துடைத்துவிட்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வந்த வழியாகவே, நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு, மூவரும் வெளியே போனார்கள்.